சாரதியில்லாத் தேர்

கைப்பேசியில் அழைத்தவுடன் வாயிலில் வந்து நிற்கின்றது. ஏறிப் பின்னாசனத்தில் அமர்ந்தால் முன்னாசனத்தில் ஒருவரையுங் காணோம். சுக்கான் வளையம் தானே திரும்புகின்றது. சந்தியிற் சிவப்பு விளக்கைக் கண்டதும் வண்டி தானே நிற்கின்றது. இவ்வகை வாடகைக் கார்களை இனியும் விந்தைச் செய்தியெனத் தள்ளிவிட முடியாது. கூகிள் நிறுவனத்துள் 2009 இல் ஆராய்ச்சியாகத் தொடங்கிய முயற்சி வேமோ என்னும் தனி நிறுவனமாகி, 2020 ஒக்டோபரில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகர்ப்புறத்தில் பொதுமக்களை ஏற்றத் தலைப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரில் இரவும் பகலும் கட்டணத்துக்கு ஓட 2023 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. சீனத்து வூஹானில் பைடு நிறுவனத்தின் வண்டிகள் 2022 முதல் ஆளின்றி ஓடுகின்றன. நம்மவர் வாழும் சிங்கப்பூரிலோ, 2016 ஆகஸ்டிலேயே பயணிகளை ஏற்றிப் பரீட்சித்துப் பார்த்தனர். 2025 செப்டெம்பரில் பொங்கோல் வட்டாரத்துக்கென நிறுவனங்களைத் தெரிந்தெடுத்தும் விட்டனர். இலண்டனில் 2026 இளவேனிலிலிருந்து முன்னோட்டங்களுக்கு இடமளிப்பதாகப் பிரித்தானிய அரசாங்கம் 2025 ஜூனில் அறிவித்தது.

உடுவிலில் இருந்துகொண்டு இதைப்பற்றி எழுதுவானேன் என்று சிலர் நகைக்கலாம். மருதனார்மடச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பி எங்கள் ஊர் ஒழுங்கைகளுள் நுழைந்து பார்த்தவர்க்கு அந்நகைப்பின் நியாயம் விளங்கும். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால், எவர் பின்வாங்குவது என்பதைத் தலையசைவாலும் கையசைவாலும் தீர்த்துக்கொள்ளும் ஒழுங்கைகள் அவை. கட்டாக்காலி மாடு வீதி நடுவே படுத்திருக்கும். இங்கே அந்தக் கார் வருவதற்கு நெடுங்காலம் செல்லும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இவ்வூரின் பல வீடுகளுக்கு மாதந்தோறும் வரும் பணம் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வண்டி ஓட்டுபவர் அனுப்பும் பணமாகும். வண்டி வருமுன்னரே அதன் விளைவு இங்கு வந்து சேரலாம்.

மேலே செல்லுமுன் ஒரு தடையை நீக்கிவிடுகிறேன். இப்பொருள்பற்றி எந்த மேடையில் எவர் பேசினாலும், புறநானூற்றின் 27 ஆம் பாட்டைக் காட்டி, ஓட்டுவோன் செலுத்தாமலே செல்லும் விண்ணூர்தியைப் பண்டைத் தமிழர் கண்டிருந்தனர் என்று சொல்லக் கைதட்டல் எழும். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு உரைத்த அப்பாட்டில், புலவர் பாடும் புகழுடையோர் தம் வினை முடித்தபின் பெறும் ஊர்தி அது. எனவே இறந்தபின்னரே அதில் ஏறலாம். பொறியியலுக்கு அங்கே இடமில்லை. பண்டைத் தமிழர் உண்மையிற் கண்டது தேர்ப்பாகனையே. வினைமுற்றி மீளுந் தலைவன் பாகனை விளித்துப் பேசுவதற்கு அகத்திணையில் ஒரு துறையே வகுத்திருக்கின்றார்கள். ஊர்தியில் ஏறினால் ஓட்டுபவனோடு பேசுவது நம் இலக்கியத்திற் பழைய வழக்கு.

புதுவரவை ஆதரிப்போரின் வாதம் வலியது. அதை வலியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உலகெங்கும் ஆண்டொன்றுக்குச் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களில் மடிகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இச்சிறு தீவில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் இறக்கின்றனர். 2025 மே மாதம் கொத்மலையில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ்ஸில் 15 பேர். இயந்திரம் மது அருந்துவதில்லை, உறங்கி விழுவதில்லை, முன்னே செல்லும் பஸ்ஸை முந்தியே தீர்வதென்ற வீறாப்பும் அதற்கில்லை. லேசர் ஒளியாலும் ராடராலும் கமராக்களாலும் நாற்புறமும் ஒருங்கே பார்க்கின்றது. ஐந்து கோடியே 67 இலட்சம் மைல் ஓடிய அனுபவத்தைக் கணக்கிட்டு, மனிதர் ஓட்டும் வண்டிகளோடு ஒப்பிடுகையில் பாதசாரிகள் காயமுறும் விபத்துக்கள் நூற்றுக்கு 92 வீதம் குறைவு என்று வேமோ நிறுவனம் 2025 இல் வெளியிட்டது. தன் சரக்கைத் தானே நிறுத்த தராசு அது என்பதை மறக்கலாகாது. எனினும் பாதியளவு உண்மையாயினும் அது பெரிய காரியமே. இன்னொன்று: இரவில் தனியே செல்லும் பெண்கள், முன்னாசனத்தில் எவருமில்லாமையையே ஒரு பாதுகாப்பாகக் கருதுகின்றனர் என்று கேள்விப்படுகிறேன். அதைக் கேட்டு ஆடவராகிய நாம் வெட்கப்படுவதே முறை.

ஆயினும் அந்த இயந்திரம் எதை அறியாது என்பதும் வெளிப்பட்டே வருகின்றது. 2023 ஒக்டோபர் 2 ஆந் திகதி இரவு சான் பிரான்சிஸ்கோவில் மனிதர் ஓட்டிய கார் ஒன்று ஒரு பெண்ணை மோதி, குரூஸ் நிறுவனத்தின் சாரதியில்லா வண்டியின் முன்னே எறிந்தது. அவ்வண்டி அவரை மோதி நின்றது. பின்னர், வீதியோரம் ஒதுங்கவேண்டும் என்ற தன் விதிப்படி, அடியில் அகப்பட்டிருந்தவரைச் சுமார் 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. எந்த மனிதனும் அலறல் கேட்ட இடத்தில் அசையாது நின்றிருப்பான். நடந்ததை முழுமையாகச் சொல்லாது அறிக்கை கொடுத்தமைக்காக அந்நிறுவனம் பின்னர் தண்டமும் செலுத்த நேர்ந்தது. 2024 டிசம்பரில் அதன் தாய் நிறுவனமாகிய ஜெனரல் மோட்டோர்ஸ் அம்முயற்சியையே கைவிட்டது. 2025 ஒக்டோபரில் அதே நகரில் வேமோ வண்டியின் கீழ் ஒரு கடைப் பூனை அகப்பட்டு இறந்தது. அயலவர் செல்லமாக வளர்த்த பூனை. ஊரே துக்கங் கொண்டாடியது. பூக்களில் மொய்த்த வண்டுகள் வெருளும் என அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வந்த தலைவனை அகநானூற்றின் 4 ஆம் பாட்டிற் படித்துக்கொடுத்திருக்கிறேன். விதியை மீறாமையும் உயிரை நினைத்தலும் ஒன்றாகா என்பதற்கு அப்பூனையைக்காட்டிலும் நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. (மனிதச் சாரதிகளின் சில்லுகளில் எத்தனை பூனைகள் மடிகின்றன என்று ஒரு மாணவர் கேட்டார். கேள்வி நியாயமானதே.)

2025 டிசம்பரில் அந்நகரின் பல பகுதிகள் மின்சாரமின்றி இருண்டபோது, விளக்கில்லாச் சந்திகளில் இவ்வண்டிகள் திகைத்து நின்றன. ஐயமுற்ற வண்டி தொலைவிலிருக்கும் மனிதரிடம் ஆலோசனை கேட்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. நூற்றுக்கணக்கானவை ஒரே வேளையிற் கேட்டால் பதிலுக்குக் காத்துக் கிடக்கவேண்டியதுதான். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்தடையை அனுபவித்த நாட்டினர் நாம். அன்று எந்தச் சந்தியும் முடங்கியதில்லை. கண்ணும் கையும் போதுமாயிருந்தன.

இவையெல்லாம் காலப்போக்கில் திருந்தக்கூடிய குறைகள் என்றே வைத்துக்கொள்வோம். திருந்தாத கேள்வி ஒன்றுண்டு. அது பணத்தைப் பற்றியது. இலங்கையிற் பதிவுசெய்யப்பட்ட முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கு மேல். அவற்றுட் பலவும் ஓட்டுபவரின் சொந்த வண்டிகளே. லீசிங் கடனில் வாங்கியவை. காலையில் உழைத்த கூலி மாலையில் சுன்னாகம் சந்தையில் மரக்கறியாகவும் மீனாகவும் மாறுகின்றது. 2015 ஆம் ஆண்டளவில் செயலிகள் இந்நாட்டுக்கு வந்தன. பயணிக்கு அவை நன்மையே செய்தன. மீற்றர் இல்லாத வண்டியில் ஏறி, இறங்கும்போது வாக்குவாதப்படும் தொல்லை ஒழிந்தது. யாழ்ப்பாணத்திலும் தரிப்பிடத்தில் நிற்கும் ஓட்டோக்காரருக்கும் செயலியில் ஓடுபவருக்கும் மனத்தாங்கல் உண்டு. இரு சாராரும் ஒருவரையொருவர் பகைத்துக்கொள்வது எனக்கு வேடிக்கையாகவும் வேதனையாகவும் தோன்றுகின்றது. சாரதியிடம் முன்பு நான்கு உடைமைகள் இருந்தன: வழி தெரிந்திருத்தல், கூலியைத் தீர்மானித்தல், வாடிக்கையாளரை அறிந்திருத்தல், ஓட்டும் கை. முதல் மூன்றையும் செயலி தன்பால் எடுத்துக்கொண்டு, கை ஒன்றை மட்டும் அவரிடம் விட்டது. அக்கைக்காகக் கூலியிற் பெரும்பங்கை விட்டுக்கொடுத்து, தரகை மட்டும் பெற்றது. இனிக் கையும் வேண்டாமென்றால் முழுக்கூலியும் வண்டிக்கு உரியவரைச் சேரும். அவரோ பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருப்பார்.

வண்டில்காரரின் பிழைப்பு மோட்டார் பஸ் வந்தபோதும் போகத்தான் போயிற்று, அதனால் உலகம் அழிந்ததா என்று கேட்பாருளர். வண்டில்காரரின் மகன் லொறியில் ஏறினான், தட்டிவானில் ஏறினான். வாகனம் மாறிய போதிலும் அதை ஓட்டுபவருக்கு ஓர் ஆசனம் இருந்தது. இப்போது வரும் வண்டியில் அவ்வாசனமே வெறுமையாயிருக்கின்றது. சிங்கப்பூரின் நிலை வேறு. அங்கே சாரதிகள் முதுமையடைகின்றனர், புதியோர் போதவில்லை, ஆகவே இயந்திரத்தை அழைக்கின்றனர். இங்கு வேலை தேடும் இளைஞர் மிகுதி. ஒரே கருவி ஒரு நாட்டில் ஆட்குறையை நிரப்பவும் இன்னொரு நாட்டில் ஆட்களை வெளியேற்றவும் கூடும். இந்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, எழுபது எண்பது இலட்சம் சாரதிகளின் வேலை போகுமாதலால் இவ்வண்டிகளை அனுமதிக்கப்போவதில்லை என்று 2023 டிசம்பரிற் கூறினார். நோக்கம் நன்றெனினும், தடை என்பது தவணையே. கிடைத்த தவணையில் என்ன செய்வது என்பதை அவர் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடையிருந்த காலத்தை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை சில துளி பெற்றோலில் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் எங்கள் சாரதிமார். கரும்புகை கக்கிக்கொண்டு நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவை அவ்வண்டிகள். அவற்றின் மூடியைத் திறந்து பார்க்கவும், உதிரியை மாற்றவும், வேறொன்றுக்குப் பழக்கவும் உள்ளூர்க் கைகளால் முடிந்தது. புது வண்டியின் அறிவோ பூட்டப்பட்ட பெட்டி. திறவுகோல் வேற்று நாட்டில் இருக்கும். போரும் தடையும் கண்ட சமூகம் இதைச் சிறிது கவலையோடு நோக்குவதில் தவறில்லை.

முதியோரைப் பற்றியும் சொல்லவேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இருவரோ ஒருவரோ பெரிய வீட்டில். கண்பார்வை குன்றியவருக்கும் கால் இயலாதவருக்கும் அழைத்தவுடன் வரும் வண்டி பேருதவி. அவ்வுதவியை இன்று செய்பவர் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர். கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறார். இலக்கத் துண்டு எடுத்துக்கொடுக்கிறார். மருந்துக்கு வரிசையில் நிற்கிறார். மகனுக்கு ஒரு செய்தியும் அனுப்பிவிடுகிறார். கூலி ஓட்டத்துக்கு மட்டுமே. எல்லாரும் அத்தகையோர் அல்லர். சிலரிடம் ஏறவே அஞ்சவேண்டும். ஆயினும் அச்சேவைக்கு விலை குறிக்கப்படாமையினாலேயே, அது மறையும்போது எந்தக் கணக்கிலும் நட்டமாகக் காட்டப்படமாட்டாது.

சட்டத்திலும் வெற்றிடம் உண்டு. நமது மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கம். பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. ஓட்டுபவர் ஒருவர் உளர் என்ற எண்ணத்தில் எழுந்தது. பிரித்தானியா 2024 இல் இயற்றிய சட்டத்தில், வண்டி தானே ஓடும்வேளை நேரும் ஓட்டற் குற்றத்துக்கு உள்ளே இருப்பவர் பொறுப்பாளியாகார். அனுமதி பெற்ற நிறுவனமே பதில் சொல்லவேண்டும். இதைப் போன்றதொரு விதியை, முதல் வண்டி கொழும்புத் துறைமுகத்தில் இறங்குமுன்னரே இங்கு எழுதிவைப்பது நன்று. அடிபட்டவரின் குடும்பத்துக்குக் காப்புறுதி எவர் கொடுப்பார் என்பதையும், வீதியைப் படம்பிடித்த கமராப் பதிவு எவருக்கு உரியது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இலண்டனில் பதினைந்து ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். அறிவிப்புகளை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். தன் சாரதி அனுமதிப்பத்திரத்தை இன்னும் மூன்றாண்டுக்குப் புதுப்பித்திருப்பதாகவும், மின்சாரக் காருக்குப் பெற்ற கடன் ஐந்தாண்டில் முடியுமென்றும் சொன்னார். எஞ்சும் இரண்டாண்டைப் பற்றி நான் கேட்டேன். அந்தக் கணக்கைத் தாம் ஒவ்வோர் இரவும் பார்ப்பதாகக் கூறிவிட்டு, ஊர்க் கோயிலில் இவ்வாண்டுத் திருவிழா எப்போது என்று விசாரித்தார்.