புளியங்கொட்டை மருந்தும் இல்ல, மானக்கேடும் இல்ல

போன பங்குனியில சென்னையிலிருந்து சொந்தக்காரங்க வந்திருந்தாங்க. எங்க தர்மபுரிப் பக்கம் அது புளி உலுக்குற சமயம். முந்தின நாள் வறுத்து, தோல் எடுத்து, ஊற வச்ச புளியங்கொட்டையை அம்மா உப்புப் போட்டு அவிச்சு வச்சிருந்தாங்க. சித்தப்பாவோட பேரன், எட்டு வயசுப் பையன், கிண்ணத்தை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தான். அவன் அம்மா வந்து பிடுங்கினாங்க. "பஞ்சத்துல தின்னதைப் போய் குழந்தைக்குக் குடுக்கறீங்களே, பெரியத்தை!"

அம்மா ஒண்ணும் சொல்லல. கிண்ணத்தை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு, அதே தங்கச்சி குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ஒரு விளம்பரம் போட்டாங்க. புளியங்கொட்டைப் பொடி, 100 கிராம் 180 ரூபாய். கீழே ஒரு வரி: "பெரியத்தை மூட்டுவலிக்கு நல்லதாம், வாங்கிக் குடுங்க."

சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியல. அதனாலதான் எழுதுறேன்.

நகரத்து மக்களே, எங்க சாப்பாடு உங்க கண்ணுக்கு ரெண்டே விதமாத்தான் தெரியுது. நாங்க தின்னா பஞ்சத் தீனி. டப்பாவுல அடைச்சு வந்தா மருந்து. வெறும் சாப்பாடா அது இருக்கவே கூடாதா? கேழ்வரகுக்கும் இதையேதான் செஞ்சீங்க. களி தின்னவன்னு எங்களைக் கேலி பேசின அதே ஊர்கள்ல, ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சப்போ களிக்குத் தனி விருந்தே நடந்துச்சு.

பஞ்சத்துல தின்னதுங்கிறது பொய் இல்ல. அரிசி இல்லாத நாள்ல புளியமரத்தடியில பொறுக்கின கொட்டைதான் பல அடுப்பை எரிய வச்சது. உயிரைக் காப்பாத்தின பண்டத்தைப் பார்த்து எதுக்கு வெட்கப்படணும்? கொரியாக்காரங்க ஓக் மரக் கொட்டையைப் பொறுக்கி, இடிச்சு, தண்ணியில ஊற வச்சுத் துவர்ப்பை எடுத்துட்டு, களி மாதிரி கிண்டித் தின்னறாங்க. அவங்களுக்கும் அது இல்லாத காலத்துச் சோறாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு அதைக் கடையில விக்கிறாங்க, யாரும் முகம் சுளிக்கல. நீங்களும் அதை வீடியோவுல பார்த்து வாயைப் பிளக்கறீங்க.

கணக்கைப் பாருங்க. 100 கிலோ புளியம்பழத்துல ஏறக்குறைய 55 கிலோதான் சதை. கொட்டை 34 கிலோ வரும், மீதி ஓடும் நாரும். கொட்டையில பத்துக்கு ஏழு பங்கு பருப்பு, அதுல புரதமும் இருக்கு. அந்தப் பருப்பை அரைச்ச மாவுதான் நூலுக்குக் கஞ்சி போடவும் பசை காய்ச்சவும் போகுது. ஜப்பான்ல அதிலிருந்து எடுக்கிற பொருளை சாப்பாட்டைக் கெட்டியாக்கச் சேர்க்கிறாங்க. ஆலைக்கு ஆகும், அயல்நாட்டுக்கு ஆகும், பறிக்கிறவன் பிள்ளைக்கு மட்டும் ஆகாதா?

மூட்டுவலிக்கு ஆகுமான்னு என்னைக் கேட்காதீங்க. நான் விவசாயி, வைத்தியன் இல்ல. வலிச்சா மருத்துவரைப் பாருங்க. பசிச்சா இதைச் செஞ்சு பாருங்க.

கொட்டை எடுக்காத புளியா வாங்குங்க. கொட்டையைக் கழுவிக் காய வைங்க. இரும்புச் சட்டியில மணலைச் சூடாக்கி, கொட்டையைப் போட்டுக் கைவிடாமல் வறுங்க. தோல் வெடிச்சு வாசம் வரும்போது இறக்கணும். உரல்ல லேசா இடிச்சுப் புடைச்சா செந்தோல் போயிடும். துவர்ப்பெல்லாம் அந்தத் தோல்லதான், அதோட தின்னா வயிறு கட்டிக்கும். வெள்ளைப் பருப்பை ராத்திரி முழுக்க ஊற வச்சு, தண்ணியை மாத்தி, உப்புப் போட்டு வேகவிடுங்க. ஊற வைக்காமல் கடிச்சுப் பல்லை உடைச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல.

இந்த வருசம் அம்மா வறுக்கவே இல்ல. கேட்டதுக்கு, "யாராவது வந்தா பார்ப்பாங்கடா" அப்படின்னாங்க. எழுபது வயசு வரைக்கும் வராத வெட்கம் ஒரே ஒரு வார்த்தையில வந்துடுச்சு. என் கோபமெல்லாம் அதுக்குத்தான்.

போன வாரம் நானே சட்டியை அடுப்புல ஏத்தினேன். முதல் ஈடு கருகிப்போச்சு. வாசம் அடிச்சதும் அம்மா உள்ளேயிருந்து வந்தாங்க. "கரண்டியைக் குடு"ன்னு வாங்கிக்கிட்டாங்க. ரெண்டாவது ஈடு கருகல.

அடுத்த பங்குனிக்கு அந்தப் பையனைக் கூட்டிட்டு வாங்க, தங்கச்சி. கிண்ணம் வாசத்திண்ணையிலதான் இருக்கும்.