காவிரிக் கணக்கில் கொல்லிமலை

ஆடி 18 அன்று காவிரிக் கரை முழுக்க முளைப்பாரியும் மஞ்சள் கயிறுமாக இருக்கும். அதே நாளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஆகாய கங்கையில் தலை நனைத்து வருவார்கள். அங்கே விழும் ஐயாறு புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குள் ஓடிக் காவிரியில் கலக்கிறது. மேற்குச் சரிவில் பிறக்கும் கரைபோட்டானாறும் காவிரியில்தான் போய்ச் சேர்கிறது. சுவேத நதி மட்டும் வெள்ளாற்றுப் பக்கம் திரும்பிவிடும்.

மலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான ஆலத்தூர் நாட்டின் உழவர் சங்கம் ஒரே ஒரு விஷயத்தை முன்வைக்கிறது. காவிரிப் படுகையைப் பற்றிய எந்தத் திட்டமும் இந்த மலையை நீர் தரும் நிலமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அதைக் காக்கிற உழவுக்கு விலை தர வேண்டும்.

இதை மலைக்காரர்களின் ஆதங்கம் என்று ஒதுக்க முடியாது. எண்களைப் பாருங்கள். காவிரிப் படுகையின் பரப்பு 81,155 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி. என்று முடிவு செய்தது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது 177.25. மீதி ஏறக்குறைய 227 டி.எம்.சி. எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டுக்குள் பெய்கிற மழையிலிருந்து: பவானி, அமராவதி, நொய்யல், அவற்றோடு ஐயாறு போன்ற சின்ன ஆறுகள். பங்கில் பெரும்பகுதி நம் மலைகளிலும் சமவெளியிலுமே இருக்க, தொலைக்காட்சி விவாதமெல்லாம் பிலிகுண்டுலுவிலேயே நின்றுவிடுகிறது. கர்நாடகத்தோடு வழக்காட வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. வீட்டுக்குள் இருக்கிற தொட்டியையும் பார்க்க வேண்டும் என்கிறது.

அந்தத் தொட்டியில் இப்போது ஓட்டை. ஒரு தலைமுறைக்கு முன்வரை சரிவுக் கொல்லையில் சாமை, தினை, கேழ்வரகு. பள்ளத்து வயலில் ஓடை நீரில் நெல். எழுபது, எண்பதுகளில் மரவள்ளி ஏறி வந்தது. சேலம், ஆத்தூர், இராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். கையில் ரொக்கம் வரும். யாரையும் குறை சொல்ல முடியாது. சாமையை உரலில் குத்தித் தவிடு போக்கி அரிசியாக்குவது பெண்களின் முதுகு ஒடிகிற வேலை. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் வேலை முடிந்தது.

ஆனால் பிடுங்குகிற இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சாமைக் கதிரை அறுத்த பிறகும் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். மரவள்ளியைத் தூரோடு அசைத்து இழுக்கும்போது முழங்கை ஆழத்துக்கு மண் புரண்டு நிற்கிறது. அடுத்த கனமழைக்கு அந்தப் பொலபொலப்பு அப்படியே ஓடைக்குப் போகிறது. விலையும் ஒரே நிலையில் இல்லை. பூச்சித் தொல்லை வேறு: 2020-இல் பரவிய மாவுப்பூச்சியை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

ஆனாலும் கிழங்கைத் தடை செய் என்று சங்கம் கேட்கவில்லை. சாமை கட்டுபடியாக வேண்டும் என்று கேட்கிறது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கின்றன, சாமை இல்லை. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியபோதும் இந்த இடைவெளி அடைபடவில்லை. வழி இல்லாமலும் இல்லை. அதே ஆண்டு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது தமிழ்நாடு அரசு. அதே முறையில் கொல்லிமலைக் கடைகளில் கொல்லிமலைச் சாமையை மலையிலேயே கொள்முதல் செய்து கொடுக்கலாம். உமி நீக்கும் சிறு இயந்திரம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று வேண்டும். சாமையை உரலில் குத்த வேண்டுமே என்ற தயக்கம் அப்போதுதான் போகும்.

மலையைக் காக்கும் உழவுக்கு விலை தருவதற்கு வெளிநாட்டு உதாரணம் கேட்பவர்களுக்கு: நியூயார்க் நகரம் 1997-இல் கேட்ஸ்கில் மலைப் பகுதியின் உள்ளூராட்சிகளோடு ஒப்பந்தம் போட்டு, நீர்ப்பிடிப்பு நிலத்தைக் காக்க உழவர் உள்ளிட்ட அங்குள்ளவர்களுக்கே செலவு செய்தது. பெரும் வடிகட்டும் ஆலையைக் கட்டுவதை விட அது மலிவு என்பதுதான் காரணம்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. மலையின் ஓடைகளை மறித்து அடிவாரத்துக்குத் திருப்பி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் புனல் மின் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குப் பெசா சட்டம் தரும் அதிகாரம் மலையாளிப் பழங்குடிகளான இம்மக்களுக்குக் கிடையாது. மக்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடத்தில் கேட்பது அரசின் நாணயம். சங்கம் மின்சாரத்தை எதிர்க்கவில்லை. கோடையில் ஓடை வற்றாத அளவுக்கு நீரை விட்டுவிட்டு மீதியைத் திருப்பட்டும். எவ்வளவு விடப்படுகிறது என்பதை வாரம் ஒருமுறை அளந்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடட்டும். மார்கழி முடிந்து மழை ஓய்ந்ததும், தை முதல் வாரத்திலிருந்தே அந்த அளவீடு தொடங்க வேண்டும்.