நாய், பூனை வாங்கும் முன் வெயிலைக் கேளுங்க!

நாய் வாங்க நினைத்தவுடன் நம்ம மக்கள் இணையத்தில் ஒப்பீட்டு அட்டவணை தேடுகிறார்கள். புத்திசாலித்தனம், முடி உதிர்வது, குழந்தைகளோடு பழகுவது... எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் உண்டு. மாரியூர் மாதிரி உப்புக்காற்றும் சுடுமணலுமான ஊருக்கு வெயில்தானே முதல் கேள்வி? பனியில் வண்டி இழுக்க உருவான ஹஸ்கியை இங்கே கட்டிப் போடுவது, என்னைப் பொறுத்தவரை, பாவம்.

பக்கத்து விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் 2005-லேயே தபால்தலையில் வந்துவிட்டது. சிப்பிப்பாறைக்குக் குட்டை முடி, நீளக் கால், முயல் துரத்தும் வேகம். இரண்டும் இந்த வெயிலில் வளர்ந்தவை. அதற்காக "நம்ம ஊர் நாய்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது. ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. அந்த வெள்ளை நிறத்தோடு ஒட்டி வரும் குறை அது. விற்பவர் நிறத்தைத்தான் காட்டுவார். (சொத்துப் பக்கம் மட்டும் உள்ள பேலன்ஸ் ஷீட்!) குட்டியைத் தனியாகப் பிரித்து, பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். சிப்பிப்பாறைக்கு ஓட இடம் வேண்டும், மாடி வீட்டுக்கு ஆகாது. இதையெல்லாம் அட்டவணை சொல்லாது, வளர்க்கிறவரும் கால்நடை மருத்துவரும் சொல்வார்கள்.

பூனைக்கதை இன்னும் வேடிக்கை. "பாம்பே" என்ற கருப்புப் பூனை ஜாதி உருவானது 1950களில், அமெரிக்காவின் கென்டக்கியில்! பெயரை நம்பினால் அவ்வளவுதான். சப்பை மூக்கு பெர்ஷியன் மூச்சு விடவே திணறும், நீள முடி வேறு. கருவாடு காயும் ஊரில் எலி விரட்ட நாட்டுப்பூனை போதும். விலை? தினம் ரெண்டு மீன் தலை :-)