சுவரை உடைக்கும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!

வீட்டுக்குப் புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது ஆண்கள். அதைத் தூசி துடைப்பது நாம். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. சமீபத்தில் எங்கள் வீட்டில் நடந்த கூத்து, பேனாவை எடுக்க வைத்துவிட்டது.

என் மகன் ஹாலில் ஹோம் தியேட்டர் வாங்கி வைத்தான். டி.வி., ஐந்து ஸ்பீக்கர், கீழே ஒரு கனமான ஆம்ப்ளிஃபயர் பெட்டி. எல்லாவற்றுக்கும் இன்டர்நெட் வேண்டுமாம். நெட் பெட்டியோ மாடி அறையில். எங்கள் வீடு 1986-ல் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். பத்து நிமிடம் படம் ஓடும், அப்புறம் திரையில் வட்டம் சுற்றும். கதாநாயகி அழ வாயைத் திறந்தபடியே நிற்பாள்.

பார்க்க வந்த ஆள், "வயர் இழுத்தாத்தான் சரியாகும் சார். சுவத்துல காடி எடுத்து பைப் பதிச்சிடலாம். ரெண்டு நாள் வேலை" என்றார். இவரும் மகனும் தலையாட்டினார்கள். நான் மட்டும், "அந்தச் சுவத்த ஒட்டித்தானே அத்தையோட கட்டில் கிடக்கு?" என்று கேட்டேன். "மேடம், இது டெக்னிக்கல் விஷயம்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி இவரிடமே பேசினார்.

என் மாமியாருக்கு வயது 81. ஆஸ்துமா. முன்பு பாத்ரூம் டைல்ஸ் மாற்றியபோது பறந்த சிமென்ட் தூசியில் மூச்சுத் திணறி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்தில் கண்விழித்து உட்கார்ந்திருந்தது நான். சார் இல்லை. "சுவத்துல உளி பட்டா, அத்தையக் கூட்டிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்றேன். வேலை நின்றது. இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அத்தை மட்டும் ராத்திரி என் கையைப் பிடித்து, "என்னால உங்களுக்குள்ள சண்டையாடீ?" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோபம் ஆறியதும் மகன் வேறு வழி தேடினான். முதலில் தெரிந்தது, நெட் பெட்டி இருந்த இடமே தப்பு என்று. இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது! இரும்பு, கண்ணாடியில் பூசிய ரசம், தண்ணீர்த் தொட்டி இதெல்லாம் வைஃபை அலையைத் தடுக்குமாம். சுருட்டி வைத்திருந்த ஒயரை நீட்டி, பெட்டியை மாடிப்படி முகப்புக்குக் கொண்டு வந்தோம். காசு செலவில்லாமலே பாதி சரியாயிற்று. வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு வரிசை உண்டு. 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துபோகும். 2.4 சுவர் தாண்டும், ஆனால் வேகம் கம்மி. அக்கம்பக்கத்து வீட்டு நெட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதில்தான் வந்து மோதும்.

மீதிப் பாதிக்கு 'பவர்லைன் அடாப்டர்' என்று ஒரு ஜோடி வாங்கினான். சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கரன்ட் ஒயரிலேயே நெட்டையும் அனுப்புகிற சாதனம். ஒன்றை நெட் பெட்டிக்குப் பக்கத்தில் செருகி சின்ன ஒயரால் இணைக்க வேண்டும். இன்னொன்றை ஹோம் தியேட்டருக்குப் பக்கத்தில். அவ்வளவுதான், உளி வேண்டாம். மாடி அறை பிளக்கிலிருந்து படிக்கட்டு வரை ஒயரை நீட்டி ஒன்றை மாட்டினான். இன்னொன்றை டி.வி.க்குக் கீழே உள்ள ஸ்பைக் பஸ்டரில் மாட்டினான். நத்தை வேகம். பெட்டியில் போட்ட குறிப்பைப் படித்தால், சுவர் பிளக்கில் நேராகச் செருகவேண்டும், ஸ்பைக் பஸ்டர் அந்த சிக்னலை வடிகட்டிவிடும் என்று இருந்தது. மாற்றினான். அப்போதும் சுமார்தான்.

அப்போது நான் குறிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு பிளக்கும் ஒரே பேஸில் இருந்தால் நல்லது என்று ஒரு வரி. "ஏண்டா, மாடி ரூம் ஒரு பேஸ், ஹால் ஒரு பேஸ் ஆச்சே?" என்றேன். முழித்தான்.

அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு பேஸ் போனால் எங்கே ஃபேன் நிற்கும், எந்த பிளக்கில் மிக்சி ஓடும் என்பது பாதிச் சட்னியில் கரன்ட் போனவளுக்குத்தானே தெரியும்! ஹால் இருட்டானால் மாடிப்படி விளக்கும் சேர்ந்தே அணையும். அப்படியானால் படி முகப்பு பிளக்கும் ஹாலும் ஒரே பேஸ். அடாப்டரை அங்கே மாற்றச் சொன்னேன். மாற்றினான். 40 எம்.பி.பி.எஸ். வருகிறது என்று போனில் காட்டினான். நெட்ஃபிளிக்ஸில் ஃபுல் எச்.டி. படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 இருந்தாலே போதுமாம். அடாப்டர் அட்டைப்பெட்டியில் அச்சடித்த பெரிய எண்ணை நம்பி அதிக விலைக்கு வாங்காதீர்கள். அந்த வேகம் எந்த வீட்டிலும் முழுசாக வராது. இன்வெர்ட்டர் லைன் பிளக்கும் தகராறு செய்யலாம். வாடகை வீட்டில் ஆணி அடித்தாலே அட்வான்ஸில் கை வைக்கும் வீட்டுக்காரர்களிடம் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கும் இது தோதானது.

எனக்கு ஆண்கள் மேல் மட்டும் கோபமில்லை. நம் மேலும்தான். "இதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, அவரைக் கேளுங்க" என்று நாமே அடுக்களைக்குள் போய்விடுகிறோம். வீட்டுச் சுவர், பிளக், பேஸ் எல்லாம் நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? இதைத் தெரியாது என்று சொல்வானேன்?

ஒரே ஒரு குறை. மிக்சி ஓடினால் கரன்ட் ஒயரில் இரைச்சல் ஏறி படம் திணறுகிறது. "அம்மா, கிளைமாக்ஸ் முடியட்டும்மா!" என்று ஹாலிலிருந்து குரல் வருகிறது. அத்தைக்கு எட்டு மணிக்கு இட்லி வேண்டும். நான் அரைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

- ஓர் இல்லத்தரசி, திருச்சி.