பழகிய உடம்பு என்ற நம்பிக்கை

"நாமெல்லாம் தூசியிலும் மூட்டையிலும் வளர்ந்தவர்கள், நம் உடம்பு எதையும் தாங்கும்" என்று நம் சங்க நண்பர்கள் பலர் சொல்வதுண்டு. நாற்பது ஆண்டுகளாக மொத்த மளிகை வியாபாரம் செய்யும் நானும் அதைச் சொல்லித் திரிந்தவன்தான். அதில் பாதிதான் உண்மை.

உடம்புக்குக் காவல் உண்டு. தோல் ஒரு கதவு. வயிற்றில் ஊறும் அமிலம், தண்ணீரோடு போகும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிடுகிறது. மிளகாய் மூட்டை பிரிக்கும்போது தும்முகிறோமே, அதுவும் காவல்தான். தப்பி நுழைவதை இரத்தத்தின் வெள்ளணுக்கள் பிடிக்கின்றன. பிடித்ததன் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை வந்தால் அதற்கென்றே எதிர்ப்பொருளைத் தயாரித்து அடிக்கின்றன. கடன் வாங்கி ஏமாற்றியவன் முகத்தை நாம் மறப்பதில்லை அல்லவா, அதுபோல. ஆனால் அவன் மைத்துனனை அனுப்பினால்?

1992-இல் நம் மாநிலத்தில் அதுதான் நடந்தது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலராக் கிருமி ஓ-1 என்ற வகை. அந்த ஆண்டு அக்டோபரில், அப்போது மெட்ராஸ் என்றழைக்கப்பட்ட சென்னையில் ஓ-139 என்ற புது வகை தலைகாட்டியது. பக்கத்து வேலூரிலும் மதுரையிலும் கண்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் கல்கத்தா, வங்கதேசம் வரை போயிற்று. நஞ்சு பழைய நஞ்சே, மேல்சட்டைதான் வேறு. காலரா அடிக்கடி வரும் ஊர்களில் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும்; பெரியவர்களின் உடம்பு முன்பே அதைக் கண்டிருக்கும். இந்தப் புதியதோ பெரியவர்களையே அதிகம் சாய்த்தது. பழகிய உடம்புக்கு அடையாளம் தெரியவில்லை. நல்லவேளை, பிற்பாடு அந்த வகை அடங்கிவிட்டது.

நம் ஊர் எப்படிப்பட்டது? பௌர்ணமிக்குப் பௌர்ணமி பல ஊர் ஜனங்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். தீபத்துக்கோ லட்சக்கணக்கில். அவரவர் ஊர்க் கிருமி அவரவரோடு வருகிறது. நம்முடையது அவர்களோடு போகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பௌர்ணமி. அன்னதானத்துக்கென்று அவல், வெல்லம், பொட்டுக்கடலை பெரிய ஆர்டர். கடைப் பையன் காலையிலேயே, "வயிறு சரியில்லை, அண்ணாச்சி, மூணு தடவை போயிட்டேன்" என்றான். "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோப்பா, நாளைக்கு லீவு எடுத்துக்கோ" என்றேன். பின்கட்டுக் குழாயடியில் சோப்புகூடக் கிடையாது. அந்தக் கையால்தான் அத்தனையும் பொட்டலமாயிற்று. வேகவைக்காமல் அப்படியே தின்னும் பண்டம்! தின்றவர்கள் விடியற்காலைப் பஸ்ஸில் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று யாரைப் போய்க் கேட்பது? பையன் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று போனதை எல்லோரும் பார்த்தோம். அப்போது கல்லாவில் வைத்த கைகழுவும் மருந்து இப்போது எத்தனை கடையில் இருக்கிறது? எச்சில் தொட்டு நோட்டு எண்ணுவதும், கவரை வாயால் ஊதிப் பிரிப்பதும் திரும்பிவிட்டன. ஒன்றுமட்டும் மாறாமல் நிற்கிறது: 'நோய் எதிர்ப்பு சக்தி' என்று அச்சடித்த பொடிப் பாக்கெட்டுகள். மிளகும் மஞ்சளும் நானும் விற்கிறேன், நல்ல சரக்குதான். ஆனால் ஊதிப் பிரித்த கவரில் எதிர்ப்பு சக்தியைப் போட்டு விற்பது என்ன வியாபாரம்?

வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று சொல்லும் சிப்பந்திக்குச் சம்பளம் பிடிக்காமல் விடுப்பு, கடைதோறும் குழாயடியில் சோப்பு. தீபத்துக்கு முந்தைய சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். சோப்புக்கு யாரும் மறுக்கமாட்டார்கள். சம்பள விஷயத்தில் குரல் எழும்பும் என்று தெரியும். எழுப்புகிறவர்கள் கூட்டத்துக்கு நேரில் வந்து எழுப்ப வேண்டுகிறேன்.