ஆசீர்வாதம் யாருக்கு?

கொடுப்பவனுக்கு ஒரு காசும் செலவில்லாமலும், வாங்குபவனுக்குக் கைப்பொருள் நஷ்டமாகவும் உள்ள சரக்கு ஒன்று இவ்வுலகில் உண்டென்றால், அது ஆசீர்வாதமேயாகும். அட்சதை தூவிப் பார்ப்பனப் புரோகிதர் கொடுக்கும் ஆசீர்வாதத்தைப் பற்றி நாம் கண்டித்து எழுதும்போதெல்லாம் கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் மகிழ்ச்சியடைந்து, "எங்கள் மதத்தில் அந்தப் புரட்டு இல்லை" என்று சொல்லுகின்றார்கள். ஆகையால், அவர்களுடைய ஆசீர்வாதத்தின் யோக்கியதை என்ன என்பதை அவர்களுடைய வேத புஸ்தகத்தைக் கொண்டும், சரித்திரத்தைக் கொண்டுமே சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஆதியாகமம் 27-ம் அதிகாரத்தில் ஒரு கதை இருக்கின்றது. கண் பார்வை மங்கிய கிழவனாகிய ஈசாக்கு, தன் மூத்த மகன் ஏசாவை ஆசீர்வதிக்க நினைக்கிறான். அவன் மனைவி ரெபெக்காளோ, இளையவனான யாக்கோபின் கைகளிலும் கழுத்திலும் ஆட்டுத்தோலைச் சுற்றி, அவனையே மூத்தவன் என்று நம்பும்படிச் செய்து அனுப்புகிறாள். கிழவன் தடவிப் பார்த்து ஏமாந்து, தானியமும் திராட்சரசமும் இவனுக்கே, சகோதரருக்கும் இவனே எஜமான் என்று ஆசீர்வதித்துவிடுகிறான். பிறகு மூத்தவன் வந்து கதறி அழுகிறான். கிழவனும் நடுங்குகிறான். ஆனால் கொடுத்த ஆசீர்வாதத்தைத் திருப்ப முடியவில்லையாம்! மோசடி செய்து எழுதி வாங்கிய பத்திரத்தை நமது முன்சீப் கோர்ட்டில்கூட ரத்து செய்துவிடலாம். சர்வ வல்லமையும் நீதியும் உள்ளவர் என்னும் கடவுளின் கோர்ட்டில் அதற்கு வழியில்லை. மோசம் செய்தவன் எஜமான். மோசம் போனவன் ஊழியக்காரன். ஆசீர்வாதத்திற்கு யோக்கியதை வேண்டியதில்லை, தந்திரம் இருந்தால் போதும் என்பதைத் தவிர இக்கதையிலிருந்து ஒரு பிள்ளை வேறு என்ன பாடம் கற்றுக்கொள்ளும்?

நிற்க, ஆசீர்வாதத்தோடு கூடப் பிறந்தது சாபம். அதே நூலின் 9-ம் அதிகாரத்தில், நோவா குடித்து வெறித்து நிர்வாணமாய்க் கிடந்ததை அவன் மகன் காம் பார்த்துவிட்டான் என்பதற்காக, காமின் மகனான கானான் அடிமைக்கும் அடிமையாகக் கடவன் என்று சபிக்கப்படுகிறான். மற்ற இரண்டு பிள்ளைகளின் வம்சத்துக்கோ ஆசி! குடித்தவன் பாட்டன், பார்த்தவன் தகப்பன், தண்டனையோ பேரனுக்கு. இது ஏதோ பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கறுப்பு மக்களை விலைக்கு வாங்கி விற்றவர்களும், அவர்களுக்குப் பரிந்து பேசிய பாதிரிமார்களும் இந்தச் சாபத்தையே ஆதாரமாகக் காட்டினார்கள். அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் பாடுபட்டார்கள். கையை உயர்த்தி ஆசீர்வதித்துவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. 1865-ல் அவ்வடிமைத்தனம் ஒழிந்தது நான்கு வருஷ யுத்தத்தாலும் சட்டத்தாலுமேயாகும்.

இனி, ஆசீர்வாதம் என்பதற்கு அர்த்தந்தான் என்ன? உபாகமம் 28-ம் அதிகாரத்தில் 68 வசனங்கள். முதல் 14 வசனங்களில், கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் வயலும், மாடும், களஞ்சியமும், பிள்ளைகளும் பெருகும் என்கிற ஆசீர்வாதம். மீதி 54 வசனங்களிலும், கீழ்ப்படியாவிட்டால் பஞ்சம், கொள்ளைநோய், பைத்தியம், அடிமைத்தனம் என்கிற சாபம். லூக்கா 6-ம் அதிகாரத்திலோ, தரித்திரரே பாக்கியவான்கள் என்றும், ஐசுவரியவான்களுக்கு ஐயோ என்றும் இயேசு சொன்னதாகக் காணப்படுகிறது. இரண்டில் எது ஆசீர்வாதம்? பணம் வருவதா, பணம் இல்லாமலிருப்பதா? பாதிரிமாருக்கு இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. பணக்காரனிடம் முதல் வசனத்தையும், ஏழையிடம் இரண்டாவது வசனத்தையும் வாசித்துவிடுகிறார்கள். அவனுக்குப் பூலோகமும் இவனுக்குப் பரலோகமுமாகப் பாகப்பிரிவினை சமாதானமாக முடிந்துவிடுகிறது!

"ஆசீர்வாதம் என்பது ஆத்மார்த்தமானது, நீங்கள் உலகப் பொருளாக எண்ணிவிட்டீர்கள்" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அப்படியானால் காணிக்கையையும், தசமபாகத்தையும் ஆத்மார்த்தமாகவே வாங்கிக்கொள்ளட்டுமே! பெட்டியில் விழுவது மாத்திரம் உலகப் பணமாக இருப்பானேன்?

அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் என்ற பிரபல பிரசங்கியார், காணிக்கை ஒரு விதை, விதைத்தவனுக்குக் கடவுள் பலமடங்காகத் திருப்பிக் கொடுப்பார் என்று போதித்து வந்தார். டல்ஸா நகரில் பெரிய ஆஸ்பத்திரி கட்டும்படி இயேசுவே 900 அடி உயரத்தில் காட்சி தந்து தைரியம் சொன்னதாகவும் 1980-ல் கூறினார். 1987 ஜனவரியில், மார்ச்சு மாதத்திற்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தன்னை அழைத்துக்கொள்வார் என்று டெலிவிஷனில் அறிவித்தார். அதில் 13 லட்சம் டாலரைக் கொடுத்துக் காப்பாற்றியவர் நாய்ப் பந்தய மைதானம் நடத்திய ஒரு முதலாளி! 1981-ல் திறந்த அந்த ஆஸ்பத்திரியோ 1989-ல் பண முடையால் மூடப்பட்டது. ஊராருக்கெல்லாம் பலமடங்கு விளைச்சல் வாக்களித்தவரின் சொந்த வயலே இப்படிக் காய்ந்துபோனால், அவர் பேச்சை நம்பி வாடகைப் பணத்தையும் மருந்துக்கு வைத்திருந்த பணத்தையும் அனுப்பிய விதவைகளின் கதி என்ன? பலன் வராவிட்டால், "உனக்கு விசுவாசம் போதாது" என்ற பதில் தயாராக இருக்கிறது. பணமும் போய், பழியும் ஏழையின் தலையிலேயே விழுகிறது. ஆசீர்வாத வியாபாரத்தில் நாம் மிகவும் வெறுப்பது இதைத்தான்.

நம் நாட்டிலும் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் மாதா கோவிலில், மேல்ஜாதிக் கிறிஸ்தவர்களையும் நாடார் முதலியோரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. ஒரே பீடத்திலிருந்து, ஒரே குருவின் கையால், இரு புறத்தாருக்கும் வருஷக்கணக்காய் ஆசீர்வாதம் நடந்துகொண்டிருந்தது. சுவர் அசையவில்லை. 1910-ல் பங்குக் குருவாகிய கௌசானல் பாதிரியார் அதை இடிக்கச் செய்தார், அப்போதுதான் போயிற்று. ஆசீர்வதிக்கப்பட்ட மேல்ஜாதியாரோ, சுவரைத் திரும்பக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். இடித்த பாதிரியாரை நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஆசீர்வதிக்க உயர்ந்த கையால் ஆகாத காரியம், இடிக்கத் துணிந்த கையால் அல்லவா ஆயிற்று?

ஆகவே, கிறிஸ்தவத் தோழர்களே! உங்கள் பிள்ளை படித்தால் அது அவன் உழைப்பும் ஆசிரியர் உழைப்பும். வியாதி தீர்ந்தால் அது வைத்தியரின் அறிவு. கூலி உயர்ந்தால் அது நீங்கள் ஒன்றுகூடிக் கேட்டதன் பலன். இவைகளுக்கெல்லாம் ஆசீர்வாதம் என்று பெயர் வைத்து, பெயர் வைத்தவனுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதேன்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தலைமேல் கை உயரும்போது, அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். நாம் கேட்பது அவ்வளவே.