ஆளைப் பாடினர், ஆசனத்தை மறந்தனர்!

தோழனே!

2002-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அரசியல் மேடைகளில் பெய்த மழை, இராமநாதபுரத்துக் கண்மாய்களில் பெய்திருந்தால், வறண்ட அந்தச் சீமை மூன்று போகம் விளைந்திருக்கும்! அத்தனை புகழ்மழை, அத்தனையும் ஒருவர் தலைமீது. இராமேசுவரம் மசூதித் தெருவில், 1931 அக்டோபர் 15 அன்று, படகுக்காரர் ஜைனுலாப்தீன் மகனாகப் பிறந்த அப்துல் கலாமைக் குடியரசுத் தலைவர் ஆக்குவோம் என்று, ஒரே பந்தியில் உட்கார ஒப்பாத கட்சிகளெல்லாம் ஒரே குரலில் முழங்கின.

யார் யார் முழங்கினர், எண்ணிப் பார்! முலாயம் சிங்கின் சமாஜ்வாதிக் கட்சி முழங்கிற்று. வாஜ்பாய் தலைமையிலான கூட்டணி தன் வேட்பாளராகவே அறிவித்தது. அந்தக் கூட்டணியில் முதலில் அடிபட்ட பெயர் பி.சி. அலெக்சாந்தர், காங்கிரசு முகம் சுளித்தது, அப்பெயர் மறைந்தது, கலாம் பெயர் மலர்ந்தது, காங்கிரசும் கை தூக்கிற்று. தமிழ்நாட்டிலோ, எதிரும் புதிருமான இரண்டு கழகங்களும் ஒரே பக்கம் நின்ற அதிசயம் நிகழ்ந்தது. அவ்வாண்டின் இளவேனிலில்தான் குஜராத் எரிந்தது. எரிந்த வீட்டின் முன்னே பன்னீர் தெளிக்கிறீர்களா என்று கேட்டவர்களும் உண்டு. அதற்கு மேடைகளில் விடை இல்லை, கைதட்டல் இருந்தது.

இடதுசாரிகள் மட்டும் விலகி நின்றனர். நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவை நடத்திய கேப்டன் இலட்சுமி சேகல், 87 வயதில், தோல்வி உறுதி என்று தெரிந்தே களம் புகுந்தார். அவரும் சென்னையில் பிறந்து, சென்னையிலேயே மருத்துவம் பயின்றவர். ஜூலை 18 அன்று எண்ணினார்கள்: கலாமுக்கு 9,22,884, இலட்சுமிக்கு 1,07,366.

நம் கழகமும் கலாமை ஆதரித்தது, மகிழ்ந்தே ஆதரித்தது. ஆகவே நான் கேட்பது ஆதரித்தது சரியா என்பதன்று. ஆதரித்தவர்கள் எதைப் பேசினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்பதே.

பேசியதைச் சொல்கிறேன். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நிற்காது. செய்தித்தாள் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து வீசுவார்கள். அவற்றை எடுத்துச் சேர்க்க உதவிய சிறுவன் அவர். அன்று வீசிய கட்டு, 2002-இல் ஒவ்வொரு மேடையிலும் ஒருமுறை வந்து விழுந்தது! பிறகு, இராமநாதபுரம் சுவார்ட்சு பள்ளி, திருச்சி வளனார் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி.; 1980-இல் துணைக்கோளை ஏந்தி எழுந்த எஸ்.எல்.வி.-3. பொய்யா இவை? முத்துப்போன்ற மெய்! நாடகம் எழுதுகிறவன் நான். இப்படியொரு முதற்காட்சி கிடைத்தால் விடுவேனா? ஆனால், கதாநாயகன் எந்தக் குடிசையில் பிறந்தான் என்பது முதற்காட்சி. முத்திரை மோதிரம் கைக்கு வந்தபின் என்ன செய்தான் என்பதல்லவா நாடகம்? நம் ஆதரவாளர்கள் முதற்காட்சியையே ஐந்து முறை நடித்துக் காட்டிவிட்டுத் திரையை இறக்கிவிட்டனர்.

அந்த மோதிரம் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாததா? 1976 ஜனவரி 31 அன்று, அரசியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவின்கீழ் ஒரு கையெழுத்து. நம் ஆட்சி போயிற்று. 1991 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு கையெழுத்து. இம்முறை ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். மறுத்தும் என்ன? ஆளுநர் அறிக்கையின் பேரில், அல்லது பிறவாறு, என்று சட்டத்தில் ஒரு சொல் ஒளிந்திருந்தது. பிறவாறு! அந்த ஒற்றைச் சொல்லைத் தூணாக நாட்டி ஆட்சியைக் கவிழ்த்தனர். கையெழுத்திட்டவர் யார்? வடபுலத்தாரா? இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்து இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். தமிழர்! தமிழர் வீற்றிருந்தால் தமிழ்நாட்டுக்குத் தீங்கு வராது என்று நம்புகிறவர்கள் அந்த நாளை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

அமைச்சரவை சொன்னபடிதானே அவர் நடக்க வேண்டும், அவர்மீது பழி போடலாமா என்பாய். நல்ல கேள்வி. 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம் ஒரு வழி வைத்தது: அமைச்சரவையின் ஆலோசனையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மறுமுறையும் வந்தால் ஏற்கத்தான் வேண்டும். ஒருமுறை, ஒரே ஒருமுறை! அந்த ஆசனத்துக்கு இருக்கும் முதுகெலும்பு அவ்வளவே. ஆனால், அவ்வளவாவது இருக்கிறது. 1991-இல் அது வளையாமல் நின்றிருந்தால்?

நின்று காட்டியவர் இருந்தார். கேரளத்து உழவூரில், வறுமையில் பிறந்த கே.ஆர். நாராயணன். 1997 அக்டோபரில் உத்தரப்பிரதேசத்து அரசைக் கலைக்கச் சொல்லிக் குஜ்ரால் அமைச்சரவை தாளை நீட்டியது, திருப்பி அனுப்பினார், அமைச்சரவை பின்வாங்கிற்று. மறு ஆண்டு பீகாருக்காக வாஜ்பாய் அமைச்சரவை நீட்டியது, அதையும் திருப்பினார். காப்பாற்றப்பட்டவை நம் நண்பர்களின் ஆட்சிகள் என்பதற்காகச் சொல்லவில்லை. உத்தரப்பிரதேசத்தில் பிழைத்தது பாரதிய ஜனதாவின் ஆட்சி!

இனிக் கலாமிடம் வருவோம். 2005 மே 22. பீகார் சட்டமன்றம், தேர்ந்தெடுக்கப்பட்டும் ஒரு நாள்கூடக் கூடாத மன்றம். நள்ளிரவில் தில்லியில் அமைச்சரவை கூடிற்று. குடியரசுத் தலைவரோ மாஸ்கோவில். தொலைநகல் பறந்தது; கையெழுத்து திரும்பி வந்தது; விடியுமுன் மன்றம் கலைந்தது. கலைத்தது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் அந்த அக்டோபரிலேயே தீர்ப்பளித்தது. பதவி விலகவே எண்ணியதாகக் கலாம் பின்னாளில் தம் நூலில் எழுதினார். நெஞ்சில் ஈரம் இருந்தவர், அதனால் நொந்தார். அதை நான் மதிக்கிறேன். அதே கலாம், 2006 மே திங்களில், ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார்! அதே மனிதர், அதே பேனா. ஒருமுறை திருப்பியது, ஒருமுறை திருப்பவில்லை. படகுக்காரர் மகன் என்பது இரண்டையும் விளக்காது. 2002-இன் ஆதரவாளர்களில் ஒருவரேனும், மாநிலத்தின் உயிரை வாங்கும் தாள் இரவில் வந்தால் என்ன செய்வீர் என்று மேடையில் கேட்டிருந்தால், மாஸ்கோவில் அந்தக் கேள்வியாவது அவர் பக்கத்தில் நின்றிருக்கும்.

கதை பழையது என்று தள்ளிவிடாதே. 2022-இல் திரௌபதி முர்மு நின்றார். மயூர்பஞ்சு மலைநாட்டுச் சந்தாலிப் பெண், ஆசிரியையாக இருந்தவர், எவர் உள்ளமும் நெகிழும். எதிர்வரிசையில் இருந்த ஜார்க்கண்டு முக்தி மோர்ச்சாவும் உத்தவ் தாக்கரேயின் சிவசேனையும்கூட நெகிழ்ந்து ஆதரித்தன. நம் மன்றம் 2021-இல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பியபின் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதா, அந்த மாளிகையின் ஒப்புதலுக்குத்தான் போயிற்று. ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் மன்றத்தில் அறிவித்தார். நெகிழ்ந்தவர்கள் எவரும் மாநில மசோதாக்களைப் பற்றி அன்று ஒரு சொல் கேட்டதாக நான் அறியேன்.

1969-இல் கழகம் வி.வி. கிரியை ஆதரித்தபோது நிலை வேறு. கிரிக்கு 4,20,077, சஞ்சீவ ரெட்டிக்கு 4,05,427. நம் வாக்கு விலகியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அந்த ஆதரவுக்கு எடை இருந்தது. வெற்றி முடிவான பின் எல்லாரும் நீட்டுகிற மாலைக்கு என்ன எடை?

அடுத்த தேர்தல் 2027-இல். மசூதித் தெருவில் வாழ்வோருக்கும், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வலை உலர்த்துவோருக்கும் அதில் நேரே வாக்கு இல்லை. அவர்கள் குரல், இராமநாதபுரத்துச் சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் கைகளில் இருக்கிறது. இன்றுள்ள கணக்கில் நம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வாக்கின் மதிப்பு 176. 234 பேருக்கும் சேர்த்து 41,184. வேட்பாளர்கள் ஆதரவு கேட்டுச் சென்னைக்கு வருவார்கள். அவர்கள் பிறந்த குடிசையின் படம் நம் ஏட்டிலும் வரும், வரட்டும். கிளைக் கூட்டங்களில் இப்போதே பேசி, தலைமைக்குத் தீர்மானமாக அனுப்பு: மாலைக்கு முன் அந்த வேட்பாளரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மாநில அரசைக் கலைக்கும் தாளைக் காரணம் கேட்டு ஒருமுறை திருப்புவீரா? மாநில மன்றத்தின் மசோதா மறுக்கப்படும்போது அதையும் ஒருமுறை திருப்பிக் கேட்பீரா? விடையைச் செய்தியாளர் முன்னிலையில் சொல்லச் சொல்.